கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

அப்பாவுக்கு 79 வயது. காவிரிக் கரையில் ஐம்பது வருடம் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்தவர். காலையில் காபி குடித்த கையோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறப்பார். இலையைக் குப்புறப் போட்டு, காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை நகத்தால் ஒரே இழுப்பில் உரித்தெடுத்து, வலது ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பைத் தொட்டுத் தடவுவார். சென்ற ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது வெற்றிலையை மடிக்க உட்கார்ந்தவரின் விரல் சுண்ணாம்பு டப்பாவுக்குப் போகவில்லை. டப்பாவுக்குப் பக்கத்தில் வெறும் தரையைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. வாயில் இருந்த சாறு வலது கடைவாயில் வழிந்து வேட்டியில் சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு அத்தை அதை ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டார். எனக்கு அது வெற்றிலைச் சாறு என்று தெரிந்தது. ஆனால் அறுபது வருடமாக வெற்றிலை போட்டு ஒரு சொட்டும் சட்டையில் சிந்தாதவர் அப்பா. அதனால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்று எங்களுக்கு உதவிய இரண்டு சேவைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒன்று 108 ஆம்புலன்ஸ். இன்னொன்று எங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. அந்த மருத்துவமனையின் குறைகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் ஊர் பெயர் வேண்டாம்.

அப்பாவின் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, சிரியுங்கள்" என்றேன். இடது பக்கம் மட்டும் ஏறியது. இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கச் சொன்னேன். வலது கை பாதியில் தொய்ந்து மடியில் விழுந்தது. "நான் யார் சொல்லுங்கள்" என்றேன். ஏதோ சொன்னார், அதில் என் பெயர் இல்லை, எந்தச் சொல்லுமே இல்லை. முகம், கை, பேச்சு. மூன்றில் ஒன்று திடீரென்று கெட்டாலே பக்கவாதம் என்று சந்தேகப்பட வேண்டும். அப்பாவுக்கு மூன்றுமே கெட்டிருந்தன. இவற்றோடு திடீர்த் தள்ளாட்டம், திடீரெனப் பார்வை மங்குவது, காரணமே இல்லாமல் மண்டையைப் பிளக்கும் தலைவலி ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'திடீர்' என்பதுதான் இதில் முக்கியமான சொல். வயதானவர்கள் மெதுவாகத் தளர்வார்கள். ஐந்து நிமிடத்தில் யாரும் தளர்ந்துபோவதில்லை.

அதற்குள் திண்ணையில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அத்தை சர்க்கரைத் தண்ணீர் கரைத்து வந்தார். ஒருவர் தன்னுடைய ரத்த அழுத்த மாத்திரையை நாக்கின் அடியில் வைக்கச் சொன்னார். புறா ரத்தம் தேய்த்தால் கை வந்துவிடும் என்றார் இன்னொருவர். எல்லோருமே அப்பாவின் மேல் உயிரை வைத்திருக்கிறவர்கள். அத்தையின் கையிலிருந்து தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது என்றால் தொண்டையும் சரியாக வேலை செய்யாது. ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. அம்மாவுக்கு நடந்தது.

108-ஐ அழைத்தபோது 6.43. நான் கிளை அஞ்சல் அலுவலகத்தில் போஸ்ட்மாஸ்டர். நாள் முழுவதும் தேதி முத்திரையோடும் நேரக் குறிப்போடும் இருப்பவள், அதனால் கையில் இருந்த பால்பாயிண்ட் பேனாவால் அப்பாவை அப்படிப் பார்த்த நேரத்தை உள்ளங்கையில் 6.40 என்று எழுதிக்கொண்டேன். 7.05-க்கு வண்டி வாசலில் நின்றது. பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கியவர் முப்பது வயதுகூட நிரம்பாத இளைஞர். வண்டியில் வரும் மருத்துவ உதவியாளர். நான் உள்ளங்கையைக் காட்டி நேரத்தைச் சொன்னேன்.

"இது நீங்கள் பார்த்த நேரம் அக்கா. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக யார் பார்த்தார்கள், எப்போது?"

நான் ஒரு கணம் விழித்தேன். பிறகு நினைவு வந்தது. 6.25-க்குக் காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போதவில்லை" என்று தெளிவாகச் சொன்னார். தம்ளரை வலது கையால்தான் பிடித்திருந்தார். "அப்படியென்றால் 6.25 என்று எழுதிக்கொள்கிறேன்" என்றார் அவர். என் உள்ளங்கையில் இருந்ததை அடித்துவிட்டு நானும் 6.25 என்று திருத்தினேன்.

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்க ஊசி இருக்கிறது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு முன்னால் போடுகிறார்களோ அவ்வளவு நல்லது. கணக்குத் தொடங்குவது நோயாளி நன்றாக இருந்த கடைசி நிமிடத்திலிருந்து. தூங்கி எழும்போதே கை வரவில்லை என்றால், முந்தைய இரவு நன்றாகப் படுக்கப் போன நேரத்திலிருந்து எண்ணுவார்கள். அப்பாவுக்கு 10.55 வரை அவகாசம் இருந்தது.

அந்த இளைஞர் முதலில் செய்த காரியம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலில் துணிப்பஞ்சைச் சுற்றி, அப்பாவின் வலது கன்னத்துக்குள் விட்டு, அடங்கிக் கிடந்த வெற்றிலைச் சக்கையையும் இரண்டு பாக்குத் துண்டுகளையும் வழித்தெடுத்தார். அங்கே அது இருப்பதே அப்பாவுக்குத் தெரியவில்லை. வண்டி குலுங்கும்போது அந்தப் பாக்கு மூச்சுக்குழாயில் போய் அடைத்திருக்கும். பிறகு அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 142. சர்க்கரை மிகவும் குறைந்தாலும் இதேபோல் வாய் குழறி ஒரு பக்கம் தளர்ந்துவிடும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவார்களாம். ரத்த அழுத்தம் 196-க்கு 108. நான் பயந்துபோய், "மாத்திரை கொடுக்க வேண்டாமா?" என்றேன். "வேண்டாம் அக்கா. அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற மூளை இப்போது இந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆஸ்பிரினும் கூடாது. உள்ளே ரத்தக் கசிவா அடைப்பா என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது" என்றார்.

எங்களுக்கு 9 கிலோமீட்டரில் ஒரு தாலுகா மருத்துவமனை இருக்கிறது. உறவினர்கள் எல்லோரும் முதலில் அங்கே காட்டிவிட்டுப் போகலாம் என்றார்கள். அங்கே சி.டி. ஸ்கேன் கிடையாது. அந்த இளைஞர் தொலைபேசியில் அவர்களுடைய மருத்துவரிடம் பேசிவிட்டு, நேராக 42 கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக முடிவு செய்தார். போகும் வழியிலேயே அங்கே அழைத்து, "79 வயது, ஆண், வலது பக்கம், பேச்சு இல்லை, 6.25" என்று ஐந்தே விவரங்களைச் சொன்னார். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் வந்தது. அதற்கு முன்னால் இந்த ஊரிலிருந்து நோயாளியை எதில் கொண்டுபோவோம் என்று எனக்குத் தெரியும். பால் வண்டியில்.

அம்மாவை 2017-இல் காரில்தான் கொண்டுபோனோம். ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தோன்றவில்லை. மாலை ஆறரை மணி, கோலப்பொடி டப்பாவைக் கீழே போட்டுவிட்டார், வாய் கோணியது. அருகில் உள்ள நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. ரத்த அழுத்தம் அதிகம் என்று நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். அழுத்தம் மளமளவென்று இறங்கியது. நல்லது நடக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். இட்லியைக் கரைத்து ஊட்டச் சொன்னார்கள். ஊட்டினேன், அம்மாவுக்குப் புரையேறிக்கொண்டே இருந்தது. காலையில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுநாள் காலை எட்டரைக்கு வேறு ஊரில் ஸ்கேன் எடுத்தபோது பதினான்கு மணி நேரம் போயிருந்தது. மூன்றாம் நாள் நிமோனியா. அம்மா பிழைத்தார். ஆனால் மூன்று வருடம் ஒரு சொல் பேசாமல் படுத்திருந்து போனார். அன்று இரவு முழுவதும் அந்த மருத்துவமனையில் ஒருவர்கூட என்னிடம் நேரம் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நன்றாக இருந்தார் என்று ஒருவருமே கேட்கவில்லை.

அதனால்தான் அப்பாவோடு 8.05-க்கு உள்ளே போனபோது அந்தப் பெண் மருத்துவர் அப்பாவின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "6.25 என்றார்களே, உறுதியாகத் தெரியுமா?" என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தெரியும் என்று உள்ளங்கையைக் காட்டினேன்.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. கண்ணை அசைக்கச் சொல்லி, காலைத் தூக்கச் சொல்லி, ஊசி முனையால் தொட்டுப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். பூஜ்யத்திலிருந்து 42 வரை உள்ள அளவில் அப்பாவுக்கு 14. அதிகமாக இருந்தால் பாதிப்பு அதிகம். 8.22-க்கு ஸ்கேன் மேஜையில் இருந்தார். ரத்தக் கசிவு இல்லை. அடைப்புதான். பெரிய ரத்தக் குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்க வேறு ஊருக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றும், அதைச் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள் என்றும் மருத்துவர் சொன்னார். அப்பாவுக்கு அது தேவைப்படவில்லை.

சம்மதக் கையெழுத்துக்கு வந்தபோதுதான் தடங்கல். மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. கட்டியைக் கரைக்கும் மருந்தால் நூறில் ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலைமை மோசமாகலாம் என்றார். சித்தப்பா என்னைத் தனியாக அழைத்து, "79 வயதில் இந்த விஷப்பரீட்சை எதற்கு? இருக்கிறபடி வைத்துப் பார்த்துக்கொள்வோம்" என்றார். மருத்துவர் அதைக் கேட்டுவிட்டார். "வயது மட்டும் காரணமாகாது ஐயா. இவர் நேற்று வரை எப்படி இருந்தார்?" என்று சித்தப்பாவிடமே கேட்டார். "நேற்று கொடிக்காலில் அகத்திக் கீரை பறித்துக்கொண்டிருந்தார்" என்றார் சித்தப்பா. அதைச் சொல்லும்போதே அவர் குரல் மாறியது. நான் கையெழுத்துப் போட்டேன்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எடை எவ்வளவு என்று கேட்டதும் சொல்ல முடிந்தது. முந்தைய மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 58 கிலோ என்று சீட்டில் எழுதியிருந்தார்கள். கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் வீதம் 52 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிடத்தில் ஊசியாகவும் மீதியை ஒரு மணி நேரம் பம்பு வழியாகவும் செலுத்துவார்களாம். ரத்த அழுத்தம் 185-க்குக் கீழே இருந்தால்தான் போடலாம் என்பதால், அதை நரம்பு வழியாக மருந்து கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக 176-க்குக் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைத்துத் தடாலென்று இறக்கியதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கே நின்றபோது புரிந்தது. 8.49-க்கு ஊசி ஏறியது. வாசலில் நுழைந்து 44 நிமிடம். அறுபது நிமிடத்துக்குள் முடிப்பதுதான் அவர்களுடைய இலக்காம். இந்த மருந்துக்கு வெளியில் பல ஆயிரம் ரூபாய் ஆகும். எங்களிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை, அடுத்த ஆறு மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு மணிக்கொரு முறை ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கட்டில் முனையில் தொங்கிய தாளில் செவிலியர் எழுதிய எண்களை இரவு முழுவதும் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. எண்களோடு வாழ்கிறவள் என்பதால் சொல்கிறேன், பார்க்காமலே நிரப்பிய தாளுக்கும் பார்த்து நிரப்பிய தாளுக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். இதில் 2.17, 3.19 என்று உண்மையான நிமிடங்கள் இருந்தன.

மாலையில் அப்பாவின் வலது கை விரல்கள் என் விரலைச் சுற்றி மூடின. மறுநாள் மீண்டும் ஸ்கேன் எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே ஆஸ்பிரின் தொடங்கினார்கள். மதிப்பெண் 6-க்கு இறங்கியிருந்தது. அதுவரை வாய்வழியாக எதுவும் கொடுக்கவில்லை. செவிலியர் அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா, இருமுகிறாரா, குரல் கரகரக்கிறதா என்று பார்த்தார். மூன்று தேக்கரண்டிக்குப் பிறகுதான் கஞ்சிக்கு அனுமதி. ஐந்து நிமிடக் காரியம். இதை யாராவது அன்று அம்மாவுக்குச் செய்திருந்தால் நிமோனியா வந்திருக்காது என்று நினைத்து அன்றுதான் நான் அதிகம் அழுதேன்.

அடைப்புக்குக் காரணம் இதயம் என்று ஈ.சி.ஜி. காட்டியது. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தது. அப்படி இருக்கும் இதயத்தில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போகுமாம். முன்னால் ஏதாவது அறிகுறி இருந்ததா என்று மருத்துவர் தோண்டித் தோண்டிக் கேட்டார். கொடிக்காலில் வேலை செய்யும் அண்ணன் பார்க்க வந்தபோதுதான் சொன்னார்: பத்து நாளுக்கு முன்னால் இலை எண்ணிக்கொண்டிருந்த அப்பா பத்து நிமிடம் பேச்சுக் குழறி, கவுளிக் கணக்கைத் தப்பும் தவறுமாகச் சொன்னாராம். வெயில் என்று நினைத்து மோர் கொடுத்தார்களாம். தானாகவே சரியாகிவிட்டதால் என்னிடம் சொல்லவில்லை. சரியாகிப்போன அந்தப் பத்து நிமிடம்தான் முதல் எச்சரிக்கை. அன்றே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

இனி குறைகள். வாசலிலிருந்து ஸ்கேன் அறைக்கு வழி காட்டும் பலகை ஒன்றுகூட இல்லை. ஆம்புலன்ஸ் ஊழியருக்கு வழி தெரிந்திருந்ததால் பிழைத்தோம். இரண்டாம் நாள் சக்கர நாற்காலி தள்ளியவர் கை நீட்டினார். துணைக்கு இருப்பவர்கள் படுக்க இடமில்லை, நடைபாதையில் செய்தித்தாள் விரித்துப் படுத்தோம். பெண்கள் கழிவறையின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். பேச்சிழந்தவருக்கு அது போதவே போதாது. மருத்துவமனையை விட்டு வரும்போது கொடுத்த சீட்டு முழுவதும் ஆங்கிலம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது என்ற மிக முக்கியமான செய்தியை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைத் தமிழில் கொட்டை எழுத்தில் எழுதித் தர வேண்டும். இவ்வளவு நல்ல வேலை செய்கிறவர்கள் இதைச் செய்யாமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் 108-க்கு ஐந்துக்கு ஐந்து. மருத்துவமனையின் முதல் 24 மணி நேரத்துக்கு ஐந்து, அதற்குப் பிந்தைய நாட்களுக்கு மூன்று.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் இப்போது வீட்டுக்கு வருகிறார். முதல் வாரம் ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார். அப்பாவுக்கு அதில் மனம் செல்லவில்லை. "உங்கள் அப்பா கையால் என்ன வேலை செய்வார்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, வெற்றிலைப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். புகையிலை அறவே கூடாது, பாக்கும் வேண்டாம், இலையை மட்டும் வைத்துப் பழகலாம் என்றார். தினமும் பத்து இலை: காம்பு கிள்ள வேண்டும், நரம்பு உரிக்க வேண்டும், மடிக்க வேண்டும். முதலில் நரம்போடு இலையும் கிழிந்து வந்தது. இப்போது பத்தில் ஏழு இலை முழுதாக வருகின்றன. பேச்சு மெதுவாக இருக்கிறது; சில சொற்களுக்குக் காத்திருக்க வேண்டும். போன வாரம் காபியைக் குடித்துவிட்டு நெடுநேரம் யோசித்து, "சர்க்கரை" என்றார்.

எங்கள் அஞ்சல் அலுவலகத்தில் தபால் எடுக்கும் நேரம் எழுதிய பலகைக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 24 மணி நேரமும் ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் இருக்கும் மருத்துவமனை எது, எத்தனை கிலோமீட்டர், 108 வண்டியில் எவ்வளவு நேரம் என்று எழுதி, அதற்கும் கீழே அந்தக் கேள்வியை எழுதியிருக்கிறேன். ஓய்வூதியம் வாங்க வரும் பெரியவர்கள் வரிசையில் நிற்கும்போது அதைப் படிக்கிறார்கள். எழுத்துக் கூட்ட முடியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டுகிறேன்.